பேச்சாங்குளத்தில் ஒரு கார் குணமான கதை

பேச்சாங்குளத்து ஆட்களைப் பற்றி வெளியூரில் யார் என்ன சொன்னாலும் அதுதான் முழுக்கதை என்று நினைத்துவிடாதீர்கள். சொல்லுகிறவர்கள் பாதியைத்தான் சொல்லுவார்கள். மீதியையும் சொன்னால் தங்களைப் புளுகர்கள் என்று நினைத்துவிடுவார்களோ என்று அவர்களுக்குப் பயம். எனக்கு அந்தப் பயம் கிடையாது.

அந்த ஊரில் பஸ் நிற்கும் இடத்துக்குப் பின்னால் ஒரு மோட்டார் ஒர்க்‌ஷாப் இருக்கிறது. ஆரம்பித்தவர் மீரான் பாய். கெட்டிக்கார மெக்கானிக். அவருக்கு ஷார்ஜாவில் வேலை கிடைத்தபோது, ஒர்க்‌ஷாப்பை யார் கையில் ஒப்படைப்பது என்று தெரியாமல், வேலை பார்த்த நாலு பேரையும் வரிசையாக நிறுத்தினார். "கார் ஓடுறதுக்கு முக்கியமா என்னடே வேணும்?" என்று கேட்டார்.

பிச்சாண்டி, "ரோடு" என்றான். சங்கிலி, "கார்" என்றான். தவசி யோசித்துச் சொல்லுகிறேன் என்றான், இன்னும் சொல்லவில்லை. ஆவுடையப்பன் மட்டும் "இன்ஜின்" என்றான். மீரான் பாய் ஒரு பெருமூச்சு விட்டுச் சாவியை அவன் கையில் வைத்தார். மறுநாளே விமானம் ஏறிவிட்டார்.

இப்படி முதலாளியான ஆவுடையப்பனுக்குத் தொழிலில் எந்தக் கவலையும் கிடையாது. கோளாறான வண்டி வரும், இவர்கள் பார்ப்பார்கள், வண்டிக்காரர் பொறுமை இழந்து வேறு ஊருக்குக் கொண்டுபோவார். அவனுக்கு இருந்த ஒரே கவலை உலகம்மை.

உலகம்மை, பெயிண்ட் கடை கோமதிநாயகத்தின் மகள். ஒரு நாள் மொபெட்டைத் தள்ளிக்கொண்டு ஒர்க்‌ஷாப்புக்கு வந்து, பின்சக்கரம் பஞ்சர் என்றாள். ஆவுடையப்பன் முன்சக்கரத்தைக் கழற்றி, அதில் ஒரு ஓட்டை போட்டு, அந்த ஓட்டையை அழகாக அடைத்துக் கொடுத்தான். "பின்னால உள்ளது போனது போயிட்டு. முன்னால உள்ளதுக்கு இனி ஒண்ணும் வராது" என்றான். உலகம்மை அதைக் கேட்டுச் சிரிக்கவில்லை. "நீங்க சொல்லுறதும் சரிதான்" என்று தலையை ஆட்டிவிட்டு மொபெட்டைத் தள்ளிக்கொண்டே வீட்டுக்குப் போனாள். தன்னை இவ்வளவு சரியாகப் புரிந்துகொண்ட ஒரு பெண்ணை அவன் அதுவரை பார்த்ததில்லை. அன்றிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

அம்மாவை அனுப்பிப் பெண் கேட்டான். கோமதிநாயகம் ஆகட்டும் என்றும் சொல்லவில்லை, ஆகாது என்றும் சொல்லவில்லை. ஒரு சனிக்கிழமை காலையில் தன் பழைய வெள்ளைக் காரை, அது உதற உதற, இரும இரும ஓட்டிவந்து ஒர்க்‌ஷாப் வாசலில் நிறுத்தினார்.

"தம்பி, ஒங்க தொழிலைப் பாக்கணும்லா, அதான் வந்தேன். வண்டி நிக்கும்போது உதறுது. ஏத்தத்துல இழுக்க மாட்டேங்கு. புகை வேற. நாளைக்குச் சாயந்தரம் நீங்களே கொண்டாந்து எங்க வீட்டு வாசல்ல விடுங்க. உதறாம, இருமாம, புகையாம வந்து நின்னுதுன்னா அந்த எடத்துலயே வெத்தல பாக்கு மாத்திருவோம்."

"நிக்கலைன்னா?" என்று கேட்டான் ஆவுடையப்பன்.

"சொரண்டையில ஒரு பையன் ஜாதகம் வந்திருக்கு. அவன் டிராக்டரே பிரிச்சு மாட்டுவானாம்" என்று சொல்லிவிட்டு அவர் நடந்தே வீட்டுக்குப் போனார்.

டிராக்டர் என்றால் காரைவிடப் பெரிசாயிற்றே. ஆவுடையப்பன் உடனே ஷார்ஜாவுக்குப் போனைப் போட்டான்.

மீரான் பாய் அங்கே ஏதோ ஒரு லாரிக்கு அடியில் படுத்திருந்தார். "ஏல ஆவுடை, நான் அவசரத்துல இருக்கேன். சொல்லுதத மட்டும் செய்யி. கூடவும் செய்யாத, கொறையவும் செய்யாத. மொதல்ல சைலன்ஸர்ல வார புகையோட நெறத்தைப் பாரு. கறுப்புன்னா பெட்ரோல் கூடுதலா போவுது. நீலம்னா ஆயில் எரியுது. வெள்ளைன்னா உள்ள தண்ணி எறங்குது. நல்லாப் பாத்துட்டுச் சொல்லு" என்று வைத்துவிட்டார்.

காரை ஸ்டார்ட் செய்து நாலு பேரும் பின்னால் போய் நின்றார்கள். புகை வந்தது. வந்த வேகத்திலேயே போய்விட்டது.

"அண்ணே, இது நிக்க மாட்டேங்கே. பாக்கிறதுக்குள்ள ஓடிருது" என்றான் சங்கிலி.

"பாய் நல்லாப் பாக்கச் சொன்னாருல்லா? பிடிச்சு வச்சுத்தான் பாக்கணும்" என்றான் பிச்சாண்டி. முதலாளியை அண்ணே என்று கூப்பிட்டாலும், வயதில் நாலு பேரில் அவன்தான் மூத்தவன். அதனால் எதற்கும் தயங்கமாட்டான். இடுப்பிலிருந்த வெள்ளை வேட்டியை அவிழ்த்துச் சைலன்ஸரின் வாயில் கட்டினான். கொஞ்ச நேரத்தில் இன்ஜின் மூச்சு முட்டி நின்றது. அவிழ்த்துப் பார்த்தால் வேட்டியில் கறுப்பாக ஒரு வட்டம்.

"கறுப்புப் புகை. பெட்ரோல் கூடுதலு" என்றான் பிச்சாண்டி, காக்கி டிரவுசரோடு நின்றுகொண்டு.

சங்கிலிக்கு அது நியாயமாகப் படவில்லை. "வெள்ளைத் துணியில எதைப் பிடிச்சாலும் கறுப்பாத்தானே தெரியும்? இது புகையோட குத்தம் இல்லை, வேட்டியோட குத்தம்" என்று தன் நீலக் கைலியைக் கட்டிப் பார்த்தான். கைலி நீலமாகத்தான் இருந்தது. ஆக, ஆயிலும் எரிகிறது.

தவசி சபரிமலைக்குப் போட்ட கறுப்பு வேட்டியை வீட்டிலிருந்து கொண்டுவந்தான். அதைக் கட்டி அவிழ்த்தபோது அதில் ஒன்றுமே தெரியவில்லை. எல்லோரும் வேட்டியை வெயிலில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்.

"கறுப்பும் தெரியலை, நீலமும் தெரியலை. பாய் சொன்னது மூணே நெறம். மிச்சம் என்ன இருக்கு?" என்றான் தவசி. அவன் அப்படிப் பேசுவது அபூர்வம். மிச்சம் இருந்தது வெள்ளைதான்.

ஆவுடையப்பன் மூன்று துணிகளையும் கையில் வைத்துக்கொண்டு மீரான் பாயைக் கூப்பிட்டான். "பாய், மூணு நெறமும் வருது."

மீரான் பாய், "புகையை விட்டுரு. நீளமான ஸ்க்ரூ டிரைவர் ஒண்ணு எடு. முனையை இன்ஜின் மேல வையி, கைப்பிடியைக் காதுல வையி. உள்ள எந்த எடத்துல தட்டுதுன்னு கேளு" என்றார்.

பிச்சாண்டி காதில் வைத்தான். ஒரு நிமிஷம் முகத்தைச் சுளித்துக்கொண்டு கேட்டான். பிறகு கையை ஆட்டினான். "அண்ணே, இந்த இன்ஜின் போடுற சத்தத்துல ஒண்ணும் கேக்கலை. கொஞ்சம் ஆஃப் பண்ணுங்க."

ஆவுடையப்பன் ஆஃப் செய்தான். நாலு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். பிச்சாண்டி கண்ணை மூடிக்கொண்டு இன்ஜினின் தலையிலிருந்து கால்வரை ஒரு இடம் விடாமல் வைத்துக் கேட்டான்.

"என்னல கேக்குது?"

"தூரத்துல தண்ணி லாரி ஹாரன் கேக்குது."

"இன்ஜினுக்குள்ள?"

"உள்ள ஒரு பொட்டுச் சத்தம் இல்லை அண்ணே. அவ்வளவு அமைதி. நம்ம வீட்டுலகூட இப்படிக் கெடையாது."

சந்தேகம் வரக் கூடாது என்று சங்கிலியும் கேட்டான், அமைதிதான். தவசி கேட்கப் போனவன் எழுந்திருக்கவே இல்லை. உலுக்கிப் பார்த்தால், காதில் ஸ்க்ரூ டிரைவரோடு பானட்டின் மேல் சாய்ந்து தூங்கிப்போயிருந்தான். இன்ஜின் உள்ளுக்குள் நல்லபடியாக இருக்கிறது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

ஆவுடையப்பனுக்குத் தெம்பு வந்தது. ஆனால் ஸ்டார்ட் செய்ததும் கார் பழையபடி உதறியது. மறுபடியும் போன். இந்தத் தடவை மீரான் பாய் அழுத்தம் பார்க்கச் சொன்னார். "பிளக்கைக் கழத்திட்டு அந்த ஓட்டையில கட்டை வெரலை வச்சு அமுக்கு. ஒருத்தன் செல்ஃப் போடட்டும். காத்து வெரலை வெளிய தள்ளணும். தள்ளலைன்னா அந்தச் சிலிண்டர் வீக். சந்தேகம்னா எடம் மாத்திப் பாரு. கோளாறும் கூடவே எடம் மாறிச்சுன்னா, எது மாறிச்சோ அதுதான் கெட்டது. இது எல்லாத்துக்கும் பொதுவான சட்டம், ஞாபகம் வச்சுக்கோ."

ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னால் பேச்சாங்குளத்தார் உயிரே போனாலும் மறக்கமாட்டார்கள்.

முதல் சிலிண்டரில் பிச்சாண்டி விரலை வைத்தான். ஆவுடையப்பன் சாவியைத் திருப்பினான். புஸ்ஸென்று காற்று விரலைத் தள்ளியது. இரண்டாவதில் சங்கிலி. அதிலும் தள்ளியது. மூன்றாவதில் தவசி வைத்தான். ஒன்றும் நடக்கவில்லை. இங்கே ஒன்று சொல்ல வேண்டும். ஒர்க்‌ஷாப்புக்கு வருமுன் தவசி தென்னந்தோப்பில் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தவன். கத்தி, கம்பி எதுவும் இல்லாமல் வெறும் கையால் உரிப்பான். அந்தக் கட்டை விரலை ஒரு கார் இன்ஜின் என்ன, ரயில் இன்ஜின் வந்தாலும் தள்ள முடியாது.

"மூணாவது சிலிண்டர் போச்சு" என்றான் சங்கிலி, துக்க வீட்டில் பேசுவதுபோல.

"அவசரப்படாதல. எடம் மாத்திப் பாக்கணும்" என்றான் ஆவுடையப்பன். தவசியை முதல் சிலிண்டருக்கு மாற்றினார்கள். இப்போது முதல் சிலிண்டர் தள்ளவில்லை. மூன்றாவதில் பிச்சாண்டியின் விரலை நன்றாகத் தள்ளியது. தவசியை இரண்டாவதுக்குக் கொண்டுபோனார்கள். கோளாறும் இரண்டாவதுக்குப் போனது. நாலாவதுக்குக் கொண்டுபோனார்கள். அங்கேயும் கூடவே போனது.

மூன்று பேரும் மெதுவாகத் திரும்பித் தவசியைப் பார்த்தார்கள்.

"தவசி," என்றான் ஆவுடையப்பன், அவன் தோளில் கை வைத்து, "கோளாறு உனக்குத்தான்டே."

தவசி தன் கட்டை விரலை உற்றுப் பார்த்தான். "எத்தனை நாளா இருக்கும் அண்ணே?" என்று கேட்டான்.

"ஆரம்பத்துலயே பாத்துட்டோம், பயப்படாத" என்று பிச்சாண்டி அவன் முதுகைத் தடவினான். காரை அப்படியே போட்டுவிட்டு நாலு பேரும் டாக்டரிடம் ஓடினார்கள். டாக்டர் என்ன செய்கிறது என்று கேட்டார். "அழுத்தம் இல்லை டாக்டர்" என்றான் தவசி. டாக்டர் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துப் பார்த்துவிட்டு, "யாரு சொன்னா? பிரஷர் ரொம்ப நல்லா இருக்கே" என்றார். நாலு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். தவசி அழுதே விட்டான். வரும் வழியில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தார்கள். தவசிதான் உடைத்தான், கையாலேயே.

தவசி நன்றாக இருக்கிறான் என்றால் சிலிண்டர்களும் நன்றாக இருக்கின்றன. அப்படியானால் கார் ஏன் உதறுகிறது? மறுபடியும் ஷார்ஜா.

"பிளக்கை எல்லாம் மாட்டி ஸ்டார்ட் பண்ணு. ஓடிக்கிட்டு இருக்கும்போதே பிளக் ஒயரை ஒவ்வொண்ணா கழத்திப் பாரு. கழத்தும்போது இன்ஜின் சத்தம் மாறிச்சுன்னா அது நல்ல சிலிண்டர். சத்தம் மாறாம அப்படியே இருந்துதுன்னா அதுலதான் கோளாறு. துணியைச் சுத்திப் பிடிச்சுக் கழத்துங்கல, ஷாக்கடிச்சுச் செத்துராதீங்க" என்றார் மீரான் பாய். அவர் குரலில் களைப்பு தெரிந்தது.

சங்கிலி முதல் ஒயரைக் கழற்றினான். சத்தம் மாறியது. நல்லது. கழற்றிய ஒயரைக் கையில் பிடித்தபடியே நின்றான். தவசி இரண்டாவதைக் கழற்றினான். சத்தம் மாறியது. அவனும் பிடித்தபடி நின்றான். பிச்சாண்டி வலது கையால் மூன்றாவதைக் கழற்றினான். கார் ஒரு உலுக்கு உலுக்கி நின்றே போனது. பெரிய மாற்றம்தான். பிச்சாண்டி இடது கையால் நாலாவதையும் கழற்றினான்.

"அண்ணே! சத்தம் மாறலை! நாலாவதுதான்! நாலாவதுலதான் கோளாறு!" என்று கத்தினான் பிச்சாண்டி.

உண்மையிலேயே நாலாவதில்தான் கோளாறு. அந்த ஒயர் மட்டும் முதலிலிருந்தே லொடலொடவென்று சும்மா தொட்டுக்கொண்டு இருந்தது. ஆனால் சங்கிலிக்குப் பிறந்ததிலிருந்து வராத புத்தி அந்த நேரம் பார்த்து வந்து தொலைத்தது. "இன்ஜினே நின்னு போச்சு. நின்ன இன்ஜின்ல சத்தம் எப்படி மாறும்? இது செல்லாது" என்றான். ஆவுடையப்பன் யோசித்துப் பார்த்தான். சங்கிலி சொல்வது நியாயமாகத்தான் இருந்தது. "அப்ப நாலும் நல்ல சிலிண்டர்" என்று தீர்ப்புச் சொன்னான். கையில் கிடைத்த விடை கைவிட்டுப் போனது.

"ஒயரை மாட்டிரவா அண்ணே?" என்றான் தவசி.

"பாய் கழத்தத்தான் சொன்னாரு. மாட்டச் சொல்லலை. கூடவும் செய்யாதன்னு சொல்லியிருக்காரு."

மீரான் பாய்க்குப் போன் போட்டால் எடுக்கவில்லை. சங்கிலியும் தவசியும் ஆளுக்கொரு ஒயரோடும், பிச்சாண்டி இரண்டோடும், இருட்டத் தொடங்கும்வரை காருக்குள் குனிந்தபடியே நின்றார்கள். ஆவுடையப்பன் மாறி மாறி மூவருக்கும் டீ ஊட்டிவிட்டான். கடைசியில் மீரான் பாயே கூப்பிட்டார். விஷயத்தைக் கேட்டதும் அவர் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. எழுதக்கூடிய பகுதி இவ்வளவுதான்: "மாட்டுங்கல! நல்லா அமுக்கி மாட்டுங்க! காலையில பேட்டரியைப் பாத்துட்டு அப்புறமா ஸ்டார்ட் பண்ணுங்க. ஹெட்லைட்டைப் போட்டு வச்சு, மங்குதான்னு பாருங்க. மங்கிச்சுன்னா பேட்டரி வீக். அவ்வளவுதான். இனிமே எனக்குப் போன் பண்ணாதீங்க."

அமுக்குவதற்குத் தவசியை விட்டால் யார்? நாலு ஒயரையும் அவரவர் பிடித்திருந்த இடத்திலேயே வைத்தார்கள். தவசி கட்டை விரலால் ஒவ்வொன்றாக அமுக்கினான். நாலாவது ஒயர் 'டக்'கென்று போய் உட்கார்ந்தது. அந்த நொடியே கார் குணமாகிவிட்டது. அது யாருக்கும் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு நாலு பேரும் காருக்கு எதிரே பெஞ்சு போட்டு உட்கார்ந்தார்கள். மங்குகிறதா என்று பார்க்க வேண்டும். பார்த்தார்கள். மங்கவில்லை. காலைப் பலகாரத்துக்கு ஒருவர் மாற்றி ஒருவர் போய்வந்தார்கள். மங்கவில்லை. மத்தியானம் ஆயிற்று. சங்கிலிக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது, துடைத்துக்கொண்டு பார்த்தான். சாப்பாட்டு நேரம் தாண்டிய பிறகு விளக்கு கொஞ்சம் கொஞ்சமாகச் சிவந்து, சுருங்கி, மங்கியது.

"மங்கிட்டு! மங்கிட்டு!" என்று குதித்தான் பிச்சாண்டி. "பாய்னா பாய்தான். ஷார்ஜாவுல இருந்துக்கிட்டே சொல்லிட்டாரே!"

ஆவுடையப்பன் சாவியைத் திருப்பினான். 'டிக்' என்றது. மறுபடி திருப்பினான். அந்த 'டிக்'கும் இல்லை.

அவன் இறங்கிப் பழைய டயர் ஒன்றின்மேல் உட்கார்ந்துவிட்டான். போன் பண்ணக் கூடாது என்று மீரான் பாய் சொல்லியாகிவிட்டது. வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. சுரண்டைக்காரன் டிராக்டரில் உலகம்மையை ஏற்றிக்கொண்டு போவது அவன் கண்ணுக்குத் தெரிந்தது. "எல்லாம் போச்சுல. அவ எனக்கில்லை" என்றான். அவனுக்கு அழுகை வந்தது. பாவம், உண்மையான அழுகை.

மற்ற மூவருக்கும் அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. காருக்கு அந்தப் பக்கம் போய்க் கூடிப் பேசினார்கள்.

"மாமா என்ன கேட்டாரு? உதறக் கூடாதுன்னாரு. இப்ப உதறுதா?" என்றான் பிச்சாண்டி.

சங்கிலி பானட்டில் கை வைத்துப் பார்த்தான். "உதறலை."

"இருமுதா?"

"இருமலை."

"புகை?"

தவசி ஓடிப்போய்ச் சைலன்ஸருக்குள் ஒரு கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு வந்தான். "மூணு நெறத்துல ஒரு நெறம்கூட இல்லை."

பிச்சாண்டி ஆவுடையப்பன் முன்னால் போய் நின்றான். "அண்ணே, எந்திரிங்க. கார் குணமாயிட்டு."

ஆவுடையப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டு காரைச் சுற்றி வந்தான். மூவரும் சொல்வது வாஸ்தவம். இவ்வளவு அமைதியான காரை அவன் இதுவரை பார்த்ததே இல்லை. "ஆனா நகர மாட்டேங்கேல" என்றான்.

"மாமா நகரணும்னு சொன்னாரா?"

"வந்து நிக்கணும்னாரு."

"நாங்க எதுக்கு இருக்கோம்?"

இப்படித்தான் ஞாயிற்றுக்கிழமை சாயந்தரம் கோமதிநாயகத்தின் வெள்ளைக் கார், முன்னால் சந்தனப் பொட்டோடு, ஆவுடையப்பன் கையில் ஸ்டியரிங்கோடு, பின்னால் மூன்று பேரோடு, அவர் வீட்டு வாசலில் வந்து நின்றது. உதறவில்லை. இருமவில்லை. புகையவில்லை. கோமதிநாயகம் வாசலுக்கு வந்து தலையைச் சாய்த்துக் காதைக் கொடுத்துக் கேட்டார். அவரும் பேச்சாங்குளத்துக்காரர்தான் என்பதை நீங்கள் மறக்கக் கூடாது.

"தம்பி, ஓடிக்கிட்டுத்தான் இருக்கா?"

"இப்பத்தானே மாமா ஓடி வந்துச்சு."

"சத்தமே கேக்கலையே! புதுசா வாங்கினப்பகூட இப்படி இல்லையே!" அவருக்கு ஆசை தாங்கவில்லை. முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து, "குளத்தைச் சுத்தி ஒரு ரவுண்டு விடுங்க" என்றார்.

மூவரும் தள்ளினார்கள். கார் வழுக்கிக்கொண்டு போனது. கோமதிநாயகம் வழியில் பார்த்தவர்களுக்கெல்லாம் கையைக் காட்டிக்கொண்டே வந்தார். குளத்துக்கரை இறக்கத்தில் கார் வேகம் பிடித்தது. ஆவுடையப்பனுக்குப் பயம் வந்துவிட்டது. பயம் வந்தால் அவனுக்குக் கையும் காலும் சொன்ன பேச்சுக் கேட்காது. சாவியைத் திருப்பினான், கியரைப் போட்டான், கிளட்ச்சிலிருந்து காலை எடுத்தான்.

பேட்டரி செத்திருந்தாலும், இறக்கத்து வேகத்திலேயே இன்ஜின் ஸ்டார்ட் ஆகிவிட்டது. நாலு சிலிண்டரும் ஒன்றாகச் சேர்ந்து, ஒரு தடங்கல் இல்லாமல், கணீரென்று ஓடியது. தள்ளிக்கொண்டிருந்த மூவரும் குப்புற விழுந்தார்கள். கார் அவர்களை விட்டுவிட்டுக் கரையேறிப் பறந்தது.

"மாப்பிள்ளே! என்னது இது, சத்தம் வருதே! நடுங்குதே! நிறுத்துங்க, நிறுத்துங்க!" என்று கோமதிநாயகம் கதவைப் பிடித்துக்கொண்டு அலறினார்.

வாசல்வரை வந்த கல்யாணம் கைநழுவப் பார்த்தது. ஆனால் ஆவுடையப்பன் முகத்தில் ஒன்றையும் காட்டவில்லை. "ஒண்ணும் இல்லை மாமா. சின்னக் கோளாறு. இதோ சரி பண்ணிருதேன்" என்று சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தான். கார் பழையபடி அமைதியானது. மூவரும் முட்டியில் ரத்தத்தோடு ஓடிவந்து, பின்னால் கையைக் கொடுத்தார்கள்.

கோமதிநாயகம் வேட்டி நுனியால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "ஓடுற வண்டியில கோளாறு. எறங்கக்கூட இல்லை. ஒரே திருப்பு, சரியாயிட்டு! சொரண்டைக்காரனா இருந்தா இந்நேரம் காரைப் பிரிச்சுப் பரப்பியிருப்பான்" என்றார். வீட்டு வாசலுக்கு வருவதற்குள் அவர் முடிவு செய்துவிட்டார்.

வெற்றிலை பாக்குத் தட்டு வந்தது. ஆவுடையப்பனின் அம்மாவை ஆள் விட்டுக் கூட்டிவந்தார்கள். தட்டை நீட்டும் நேரத்தில் கோமதிநாயகத்துக்கு ஒரு நினைப்பு வந்தது. "மாப்பிள்ளே, மைலேஜ் எப்படி?"

ஆவுடையப்பன் மூன்று பேரையும் பார்த்தான். மூன்று பேரும் தங்களுக்குள் குசுகுசுவென்று பேசிக்கொண்டார்கள்.

"ஆளுக்கு ஆறு இட்லி போட்டா செங்கோட்டை வரைக்கும் போவும் மாமா" என்றான் ஆவுடையப்பன்.

"பரவாயில்லையே. பெட்ரோலுக்கு இது எவ்வளவோ மேல்" என்றார் கோமதிநாயகம்.

அப்போதுதான் நிலைக்கதவுக்குப் பக்கத்தில் நின்ற உலகம்மை அன்று முதல் தடவையாக வாயைத் திறந்தாள். "எல்லாம் சரிப்பா. நம்ம ஷெட்டுல காரைப் பின்னாலதானே விடணும்? ரிவர்ஸ் போவுமா?"

தட்டு பாதிவழியில் நின்றது. இந்தச் சோதனையை மீரான் பாய் சொல்லித்தரவில்லை.

தவசி தொண்டையைக் கனைத்தான். "போவும். நாங்க மூணு பேரும் முன்னால வந்து நின்னு தள்ளணும், அவ்வளவுதான்."

"ஆனா ஒண்ணு," என்றான் சங்கிலி. "முன்னால நின்னு தள்ளினா கண்ணாடி வழியா அண்ணன் முகத்தையே பாத்துக்கிட்டுத் தள்ளணும். அதுக்குத் தெம்பு கூடுதலா வேணும். ரிவர்ஸுக்கு மைலேஜ் கொறையும்."

"எவ்வளவு கொறையும்?" என்று கேட்டாள் உலகம்மை.

"ஆளுக்கு ரெண்டு இட்லி கூடுதலா வேணும். சட்னியோட."

உலகம்மை விரலை மடக்கிக் கணக்குப் போட்டாள். பிறகு ஆவுடையப்பனை நிமிர்ந்து பார்த்து, வெட்கத்தோடு தலையை ஆட்டிவிட்டு, நாளைக்கு ஷெட்டிலிருந்து காரை வெளியே எடுப்பதற்கும் திரும்ப உள்ளே விடுவதற்குமாகச் சேர்த்து அரிசியும் உளுந்தும் ஊறப் போட அடுப்படிக்குப் போனாள்.